எட்டாம் நாளுக்குப் பிறகு புரதத்தை வெட்டுவது யார்?

கேள்வி: தரமணியில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறேன். சி.எச்.ஓ. செல்களில் (சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து வந்த செல்வழி) ஓர் எஃப்.சி. இணைப்புப் புரதம் (ஆன்டிபாடியின் வால்பகுதியான எஃப்.சி.யோடு லிங்கர் என்ற சிறு இணைப்பால் ஒட்டிய புரதம்) தயாரிக்கிறோம். ஷேக் ஃபிளாஸ்க், 37 டிகிரி, 14 நாள், இடையிடையே ஃபீட். ரிட்யூஸ்டு ஜெல்லில் (சங்கிலிகளைக் கட்டும் டைசல்ஃபைடு பாலங்களை அவிழ்த்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்) ஏழாம் நாள் வரை 75 கிலோடால்டன் எடையில் ஒரே பேண்டு. எட்டாம் நாளிலிருந்து 48-லும் 27-லும் இரண்டு பேண்டுகள் தலைகாட்டி, நாளாக நாளாகத் தடிக்கின்றன. கடைசி நாளில் உயிருள்ள செல்கள் 55 சதவீதம்தான். புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் காக்டெயில் (புரதம் வெட்டும் நொதிகளைத் தடுக்கும் கலவை) போட்டுப் பார்த்தோம், பெரிய மாற்றமில்லை. வேறு க்ளோன் (ஒற்றைச் செல்லிலிருந்து பெருக்கிய செல்வழி) எடுத்துவிடலாம் என்கிறார் கைடு. என்ன செய்வது?

பதில்:

க்ளோனை மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. புது க்ளோன் எடுத்து, வளர்த்து, உறையவைத்து பேங்க் செய்து, மறுபடி இதே எட்டாம் நாளுக்கு வந்து நிற்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வெட்டுகிற நொதி சி.எச்.ஓ. செல்லின் சொந்தச் சொத்தாக இருந்தால், புது க்ளோனும் அதைக் கையோடு கொண்டுவரும். காக்டெயிலை இன்னும் கூடுதலாக ஊற்றுவதும் வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த 55 சதவீதம். எதைப் போட்டு நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால், எப்போது, எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாட்டர் பாத்தும் ஒரு ஜெல் செட்டும் போதும்.

முதலில், அது உண்மையிலேயே வெட்டுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாம்பிள் பஃபரைக் கலந்துவிட்டு, எல்லா ட்யூபும் சேரட்டும் என்று பெஞ்சிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. அந்த பஃபரில் உள்ள எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் பட்டதும் உங்கள் புரதம் மடிப்புக் குலைந்து விரிந்துவிடும். சில புரோட்டியேஸ்களோ அதைத் தாங்கிக்கொண்டு இன்னும் சிறிது நேரம் வேலை செய்யும். விரிந்து கிடக்கிற புரதம் அவற்றுக்குச் சுலபமான இரை. மே மாதத்துச் சென்னையில், ஏ.சி. ஒழுங்காக ஓடாத அறையில் என்றால் கேட்கவே வேண்டாம். ஜெல்லில் தெரியும் பேண்டு ஃபிளாஸ்கில் பிறந்ததா, ட்யூபில் பிறந்ததா என்றே தெரியாமல் போகும். கலந்த உடனே 95 டிகிரியில் வையுங்கள், ஐந்து நிமிடம் போதும். அதிக நேரம் கொதிக்க விட்டாலும் சிக்கல்தான். அஸ்பார்ட்டிக் அமிலமும் புரோலினும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் சங்கிலி சூட்டில் தானாகவே உடையும்.

கீழ்ப் பேண்டு வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரைச் சங்கிலி சரியாக ஏறாத மூலக்கூறு சற்றுக் கீழே ஓடும். பி.என்.கேஸ் எஃப் என்ற நொதி போட்டு சர்க்கரையை வெட்டி எடுத்த பிறகும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். நாம் செருகிய ஜீனில் ஒளிந்திருக்கும் ஸ்ப்ளைஸ் இடம் (ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடம்) ஒன்றை செல் தவறாகப் பயன்படுத்தினாலும் குட்டைப் புரதம் வரும். ஆனால் அது முதல் நாளிலிருந்தே, ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வரும். உங்களுக்கு ஏழு நாள் சுத்தமாக இருந்து, பிறகு தொடங்கி வளர்கிறது. 48-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாருங்கள், 75. ஹின்ஜும் (மூட்டுப் பகுதி) இரண்டு டொமைன்களும் சர்க்கரையும் சேர்ந்த எஃப்.சி. பகுதி ஏறக்குறைய அந்த 27-இல்தான் ஓடும். ஆக, வெட்டு உண்மை. அதுவும் கண்ட இடத்திலும் இல்லை, லிங்கரை ஒட்டி ஒரே இடத்தில். கவலைப்படுகிறீர்கள், ஆனால் இந்தத் துறையில் இதைவிடச் சுலபமான பிரச்சினை அமையாது.

அடுத்து, டைசல்ஃபைடு பாலங்களை அவிழ்க்காத ஒரு நான்-ரிட்யூஸ்டு ஜெல் ஓட்டுங்கள். உங்கள் புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்த டைமர், முழுதாக 150. ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால் ஏறக்குறைய 100-இல் ஒன்று, இரு பக்கமும் போனால் 55-ஐ ஒட்டி எஃப்.சி. மட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புரோட்டீன் ஏ காலம் (column, சுத்திகரிப்புக் குழாய்) எஃப்.சி.யைப் பிடித்து நிறுத்துவதால், ஒரு கை போன மூலக்கூறும் நல்ல மூலக்கூறோடு சேர்ந்தே வெளியே வரும். 48 கிலோடால்டன் துண்டோ காலத்தில் தங்காமல் ஓடிவிடும். சுத்திகரித்த புரதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் 'கொஞ்சம்தான் வெட்டு' என்று ஏமாறுவது இங்கேதான். எப்போதும் கல்ச்சர் சூப்பர்நேட்டன்டையே (செல் நீக்கிய மேல்திரவம்) ஓட்டி, எஃப்.சி.க்கு எதிரான ஆன்டிபாடி கொண்டு ஒரு வெஸ்டர்ன் பிளாட்டும் எடுங்கள்.

நான்-ரிட்யூஸ்டு ஜெல் ஓட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உங்கள் பிரச்சினை இல்லை, இருந்தாலும் பெரிய ரியாக்டருக்குப் போகும்போது நினைவுக்கு வரட்டும். ரிட்யூஸ்டு ஜெல்லில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், நான்-ரிட்யூஸ்டு ஜெல்லில் மட்டும் புரதம் சிதறிக் கிடக்கும். பெப்டைடு பிணைப்பு எதுவும் அறுபடவில்லை, சங்கிலிகளைக் கட்டி வைத்திருக்கும் டைசல்ஃபைடு பாலங்கள் அவிழ்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அறுவடையின்போது சென்ட்ரிஃபியூஜில் செல்கள் நசுங்கி, உள்ளே இருக்கும், டைசல்ஃபைடை அவிழ்க்கும் தையோரெடாக்சின் நொதி அமைப்பு வெளியே கொட்டுகிறது. அது வேலை செய்ய எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச். வேண்டும். மிச்சமிருக்கும் குளுக்கோஸிலிருந்து, கூடவே கொட்டிய நொதிகள் அதையும் தயாரித்துக் கொடுத்துவிடும். தொட்டியில் ஆக்ஸிஜன் இருக்கிறவரை பாலங்கள் திரும்பக் கட்டிக்கொள்ளும். மூடிய தொட்டியில் சில மணி நேரம் நின்று ஆக்ஸிஜன் தீர்ந்ததும் ஆன்டிபாடி பிரிந்துவிடும். சின்ன ஃபிளாஸ்கில் காற்று தாராளம் என்பதால் இது கண்ணிலேயே படாது. ஆயிரம் லிட்டருக்குப் போன பிறகுதான் தெரியவரும். அங்கே இருக்கிறவர்கள் 'புரோட்டியேஸ், புரோட்டியேஸ்' என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அறுவடைத் திரவத்தில் காற்றைக் குமிழ விடுவது, உடனே குளிர வைப்பது, கல்ச்சர் முடிவில் கொஞ்சம் காப்பர் சல்ஃபேட் சேர்ப்பது, இவைதான் வழக்கமான மருந்து.

சரி, உங்கள் வெட்டுக்கு வருவோம். இந்த நொதிகள் எங்கிருந்து வருகின்றன? சி.எச்.ஓ. என்பது சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து 1957-இல் தியோடர் பக் பிரித்தெடுத்த செல்வழி. நமக்காக மருந்து தயாரிப்பது அதன் பிறவிக் கடமை இல்லை. தன் பிழைப்புக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான புரோட்டியேஸ்களை அது வைத்திருக்கிறது. பெரும்பகுதி லைசோசோமுக்குள் பூட்டி இருக்கும். 1955-இல் கிறிஸ்டியான் டி டுவ் அந்த உறுப்பை விவரித்தபோதே, சிதைக்கும் நொதிகளின் பை என்றுதான் அறிமுகமானது. உள்ளே பி.எச். 4.5 முதல் 5. கத்தெப்சின் என்ற புரோட்டியேஸ்கள் வாழும் இடம் அது. செல் செத்து உடைந்தால் பை கிழிந்து எல்லாம் மீடியாவில் கலக்கும். உங்கள் 55 சதவீதத்துக்கு அர்த்தம், வளர்ந்த செல்களில் பாதி ஏற்கெனவே இதைச் செய்துவிட்டது என்பதுதான்.

ஆனால் சாகாத செல்லும் வெட்டும். செல்லின் வெளிச்சவ்விலேயே நின்றுகொண்டு வேலை செய்யும் சீரின் புரோட்டியேஸ்கள் உண்டு. அவற்றில் பெயர்போனது மேட்ரிப்டேஸ். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சி.எச்.ஓ. செல்லில் மேட்ரிப்டேஸ்-1 ஜீனை நீக்கியதும் பல வெவ்வேறு புரதங்களின் சிதைவு நின்றது. எச்.ஐ.வி. தடுப்பூசிக்கான ஜிபி120 புரதத்தை சி.எச்.ஓ.வில் தயாரித்தவர்களை வருடக்கணக்கில் ஒரு வெட்டு படுத்தி எடுத்தது. கடைசியில் சான்டா குரூஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வெட்டுவது சி1எஸ் என்று கண்டுபிடித்து அந்த ஜீனை நீக்கினார்கள். சி1எஸ், ரத்தத்தில் நோயை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் அமைப்பைச் சேர்ந்த நொதி. சினைப்பை செல்லில் அதை யாரும் முதலில் சந்தேகப்பட மாட்டார்கள். இதுபோன்ற நொதிகள் பி.எச். 7-இலேயே சௌகரியமாக வேலை செய்பவை.

செல்லுக்குள் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியசோமைப் பற்றி யாராவது சொல்வார்கள். யுபிக்விட்டின் (அழிக்க வேண்டிய புரதத்தில் ஒட்டும் சிறு அடையாளப் புரதம்) வழிச் சிதைவுக்காக சியக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, ஆகவே உடனே நினைவுக்கு வரும். அந்த வழிக்கு ஏ.டி.பி. வேண்டும், யுபிக்விட்டின் ஒட்டியிருக்க வேண்டும். செல்லை விட்டு வெளியே வந்துவிட்ட உங்கள் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புரோட்டியசோமைத் தடுக்கும் எம்.ஜி.132 வாங்கி ஃபிளாஸ்கில் போட்டால் செல்தான் சாகும்.

இப்போது செய்ய வேண்டிய சோதனை. ஆறாம் நாள், பத்தாம் நாள், பதினான்காம் நாள் என்று மூன்று சாம்பிள் எடுங்கள். செல்லை நீக்கி, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஒவ்வொன்றையும் சிறு சிறு பங்காகப் பிரித்து 37 டிகிரியிலும் 4 டிகிரியிலும் வையுங்கள். 0, 24, 48, 72 மணி நேரத்தில் எடுத்து ஜெல். செல் இல்லாமலேயே பத்தாம் நாள் திரவம் புரதத்தை வெட்டிக்கொண்டே போனால், நொதி கரைந்த நிலையில் மீடியாவில் இருக்கிறது. வடிகட்டியதும் வெட்டு அப்படியே நின்றுபோனால் செல்லின் மேற்பரப்பிலோ உள்ளேயோ நடக்கிறது. ஆறாம் நாள் திரவம் ஒன்றும் செய்யாமல், பதினான்காம் நாள் திரவம் மட்டும் வேகமாக வெட்டினால், குற்றவாளி செத்த செல்லிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கூடவே, ஜீன் செருகாத தாய்ச் செல்லையும் அதே மீடியாவில் 14 நாள் வளர்த்து, அதன் திரவத்தில் உங்கள் சுத்தமான புரதத்தைக் கலந்து வையுங்கள். அதுவும் வெட்டுகிறது என்றால், க்ளோன் மாற்றும் பேச்சு அன்றைக்கே முடிந்தது.

அதே பத்தாம் நாள் திரவத்தை பி.எச். 4, 5, 6, 7, 8 என்று மாற்றி ஒரு வரிசையும் வையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கோ மொத்தச் சோதனையிலும் இதுதான் பிடித்தது. 4-இலும் 5-இலும் வெட்டு பாய்ந்தால் கத்தெப்சின் பக்கம் போங்கள், 7-க்கு மேல் என்றால் சீரின் அல்லது மெட்டலோ (உலோக அயனி தேவைப்படும்) வகை. ஷேக் ஃபிளாஸ்கில் பி.எச். கட்டுப்பாடு கிடையாது. லாக்டேட் ஏறினால் 7-இலிருந்து நழுவிக் கீழே போகும், அதையும் தினமும் அளந்து எழுதி வையுங்கள். இன்னொன்று, புரோட்டீன் ஏ காலத்திலிருந்து 3.5-ஐ ஒட்டிய பி.எச்.சில் புரதத்தை இறக்குகிறோம். மருந்துத் தயாரிப்பில் வைரஸை முடக்க அதே அமிலத்தில் ஒரு மணி நேரம்போல வைப்பார்கள். கத்தெப்சின் டி அமிலத்தில்தான் விழித்துக்கொள்ளும். கூடவே ஒட்டி வந்துவிட்டால், ஃபிளாஸ்கில் தப்பிய புரதம் ஃபிராக்ஷன் ட்யூபில் மாட்டும். இறங்கிய உடனே டிரிஸ் பஃபர் போட்டுச் சமப்படுத்துங்கள்.

இப்போது காக்டெயில். அது பயனற்ற பொருள் என்று சொல்லவில்லை, தப்பான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். செல்லை உடைத்து, ஐஸில் வைத்து, சில மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்காகச் செய்யப்பட்டது அது. 37 டிகிரியில் நாள்கணக்கில் நிற்காது. பி.எம்.எஸ்.எஃப். என்ற சீரின் இன்ஹிபிட்டர் என்றால் நடுநிலை பி.எச். தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். பெப்ஸ்டாட்டின் தண்ணீரில் கரையவே அடம்பிடிக்கும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் போட வேண்டும். பாலூட்டிச் செல்களுக்கென்று விற்கும் பல காக்டெயில்களில் உலோக அயனியைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்காது. ஆகவே மெட்டலோபுரோட்டியேஸ் வகை முழுக்கத் தப்பிவிடும். ஈ.டி.டி.ஏ.வை நீங்களே சேர்த்தால் கால்சியம் போய் செல் தவிக்கும். இன்னொரு சீரின் இன்ஹிபிட்டரான ஏ.ஈ.பி.எஸ்.எஃப். அளவு மீறினால் உங்கள் புரதத்திலேயே ஒட்டிக்கொண்டு எடையை மாற்றும், மாஸ் ஸ்பெக்டில் (எடை அளக்கும் கருவி) தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அதனால் இன்ஹிபிட்டரைத் துப்புத் துலக்க மட்டும் பயன்படுத்துங்கள். காக்டெயிலைத் தூக்கி வைத்துவிட்டு, செல் நீக்கிய அந்தப் பத்தாம் நாள் திரவத்தில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே: ஏ.ஈ.பி.எஸ்.எஃப். சீரின் வகைக்கு, இ-64 சிஸ்டீன் வகைக்கு, பெப்ஸ்டாட்டின் அஸ்பார்ட்டிக் வகைக்கு, ஈ.டி.டி.ஏ. அல்லது ஃபீனாந்த்ரோலின் மெட்டலோ வகைக்கு. லூபெப்டின் சீரினையும் சிஸ்டீனையும் சேர்த்தே தடுக்கும், முதல் சுற்றில் வேண்டாம், குழப்பும். எது போட்டால் 27 பேண்டு வராமல் நிற்கிறதோ, அதுதான் வகை. டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட கன்ட்ரோலை மறக்காதீர்கள். இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ் முடிந்து கைக்கு வருகிற வரை டிரை ஐஸ் தாங்க வேண்டும். முழு செட் வாங்க பட்ஜெட் இல்லையென்றால் பி.எச். வரிசையை முதலில் செய்து, அது காட்டுகிற இரண்டை மட்டும் வாங்குங்கள்.

வெட்டு விழுந்த இடத்தையும் கண்டுபிடியுங்கள். துண்டின் சரியான எடை தெரிந்தால், புரத வரிசையில் விரல் வைத்து எண்ணியே இடத்தைச் சொல்லிவிடலாம். 27 துண்டின் முனையை எட்மன் முறையில் ஐந்தாறு அமினோ அமிலம் படித்தால் சந்தேகமே இருக்காது. துண்டை முழுதாக எடை பார்க்கும் இன்டாக்ட் மாஸுக்கு உங்களிடம் கருவி இல்லையென்றால் நகரத்திலேயே கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். ஆர்ஜினின் அல்லது லைசினுக்கு அடுத்து வெட்டு இருந்தால் டிரிப்சின் குணமுள்ள சீரின் நொதி, மேட்ரிப்டேஸ் மாதிரி. ஃபினைலலனின், லூசின் என்று எண்ணெய்ப் பசை அமிலங்கள் இரு பக்கமும் இருந்தால் கத்தெப்சின் டி. இரண்டு மூன்று ஆர்ஜினின், லைசின் கூட்டமாக இருக்கும் இடம் என்றால் ஃபியூரின் என்ற நொதியைச் சந்தேகிக்கலாம். அது செல்லுக்குள் கால்ஜி உறுப்பிலேயே, வெளியே வருவதற்கு முன்பே வெட்டிவிடும். ஆனால் உங்களுக்கு ஏழு நாள் சுத்தமாக இருந்ததால் ஃபியூரின் இல்லை என்றே நினைக்கிறேன்.

தீர்வுக்கு வந்தால், விலை குறைந்தது முதலில். சீக்கிரம் அறுவடை செய்யுங்கள். 14 நாள் என்பது தொழிற்சாலைக்காரர்களின் கணக்கு, உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உயிருள்ள செல் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்குள் நிறுத்துங்கள். மொத்த அளவு குறையும், ஆனால் வெட்டுப்படாத புரதத்தை மட்டும் கணக்கெடுத்தால் பத்தாம் நாளில் பதினான்காம் நாளைவிடக் கூடுதலாகவே கிடைக்கலாம், போட்டுப் பாருங்கள். இரண்டாவது, செல் அடர்த்தி உச்சத்தை நெருங்கும்போது 37-இலிருந்து 33-க்கு வெப்பத்தைக் குறையுங்கள். செல் பெருகுவது மட்டுப்படும், சாவது தள்ளிப்போகும், நொதியின் வேகமும் குறையும். ஒரு மாற்றத்தில் மூன்று லாபம் தருகிற வேறு வழி எனக்குத் தெரியாது. ஷேக்கருக்கு யு.பி.எஸ். இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்குபேட்டரை யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஷேக்கரைச் சாதாரண பிளக்கில் விட்டிருப்பார்கள். இரவில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் தாமதித்தால், அடர்ந்த கல்ச்சரில் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். காலையில் வந்து பார்க்கும்போது ஷேக்கர் ஆடிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது.

இன்ஹிபிட்டரைக் கல்ச்சரிலேயே விட்டு வெற்றி கண்ட கதைகளும் இருக்கின்றன. சி.எச்.ஓ. செல்லில் தயாராகி 1987-இல் அமெரிக்க அனுமதி பெற்ற முதல் மருந்து டி.பி.ஏ., மாரடைப்புக்கும் பிற்பாடு பக்கவாதத்துக்கும் தருகிற, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து. பிளாஸ்மின் என்ற நொதி பட்டால் 275-ஆவது ஆர்ஜினினுக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டு ஒற்றைச் சங்கிலி இரட்டைச் சங்கிலியாகிவிடும். அதைத் தடுக்க ஏப்ரோடினின் என்ற இன்ஹிபிட்டர் சேர்த்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் மீடியாவில் மாட்டுக் குருதிச்சாறும் இருந்தது. அதில் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின், ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் போன்ற இயற்கை இன்ஹிபிட்டர்கள் தாமாகவே இருக்கும். பித்தப்பசு நோய்ப் பயம் வந்து எல்லோரும் சீரம் இல்லாத மீடியாவுக்கு மாறியதும் அந்தக் காவலும் போனது. ரொம்பவும் மென்மையான புரதம் என்றால் இன்னொரு வழி பெர்ஃப்யூஷன், அதாவது செல்லைத் தங்கவைத்துக்கொண்டு புரதத்தை அவ்வப்போது வெளியே இழுத்துவிடுவது. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கான எட்டாவது உறைவுக் காரணியை பி.எச்.கே. செல்லில் (ஹாம்ஸ்டரின் சிறுநீரகச் செல்) இப்படித்தான் பல ஆண்டுகள் தயாரித்தார்கள்.

உங்கள் புரதம் புதிது, பயோசிமிலர் (ஏற்கெனவே உள்ள உயிரிமருந்தின் நகல்) இல்லை என்றால், லிங்கரில் அந்த ஒரு ஆர்ஜினினையோ லைசினையோ மாற்றிவிடலாம். கிளைசினும் சீரினும் மட்டுமே உள்ள லிங்கரை வெட்டுவதற்கு நொதிகள் அவ்வளவாக ஆசைப்படாது. வெட்டு லிங்கரைத் தாண்டி உங்கள் புரதத்தின் உள்ளே இருந்தால் யோசித்துத்தான் செய்ய வேண்டும். பயோசிமிலர் செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, வரிசையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அவர்கள் செல்லின் ஜீனை நீக்க வேண்டும், இல்லை கல்ச்சரைச் சரிசெய்ய வேண்டும், இல்லை துண்டுகளைச் சுத்திகரிப்புக் குழாயில் பிரித்தெறிய வேண்டும்.

அறுவடைக்குப் பிறகு வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்நேட்டன்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், 4 டிகிரியில் வைத்தாலும் நொதி மெதுவாக வேலை செய்யும். சுத்தம் செய்த புரதத்தை பி.பி.எஸ். என்ற ஃபாஸ்ஃபேட் உப்புக் கரைசலில் கரைத்து மைனஸ் 20-இல் போடுவது நம் ஊர் வழக்கம். சோடியம் ஃபாஸ்ஃபேட் மெதுவாக உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும், மிச்சத் திரவத்தின் பி.எச். 3 அலகு வரைகூடச் சரியும். உறைவதற்குள் கத்தெப்சின் டி-க்குப் பிடித்த அமிலத்தில் உங்கள் புரதத்தை நீங்களே ஊறவைத்த மாதிரி. ஹிஸ்டிடின் பஃபருக்கு மாறுங்கள், சிறு பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து மைனஸ் 80-இல் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி தானாகப் பனி உருக்கும் ஃபிரீஸரில் புரதம் வைக்கவே கூடாது.

நொதி இல்லாமல் நடக்கும் சிதைவு தனிக்கதை. அஸ்பாரஜினுக்குப் பக்கத்தில் கிளைசின் இருந்தால் அமைடு போய் எடை ஏறக்குறைய 1 டால்டன் கூடும், மெத்தியோனின் ஆக்ஸிஜன் ஏற்றால் 16 கூடும். எஸ்.டி.எஸ். ஜெல்லில் இவை தெரியாது. அதைவிட விசித்திரம், புரதத்தைத் தொடாமலேயே கெடுக்கும் நொதிகள். சி.எச்.ஓ.வின் லைப்பேஸ் (கொழுப்பை வெட்டும் நொதி) துளியளவு ஒட்டி வந்தாலும், ஊசி மருந்தில் புரதத்தைக் காக்கச் சேர்க்கும் பாலிசார்பேட்டை மாதக்கணக்கில் தின்று, கொழுப்பு அமிலத் துகள்களை மருந்துப் புட்டியில் மிதக்கவிடும். ஒரு மில்லிகிராம் மருந்துக்கு 100 நானோகிராமுக்குள் அந்நியப் புரதம் இருந்தால் போதும் என்பது தொழிலில் வழக்கமான இலக்கு. லைப்பேஸ் விஷயத்தில் அந்த இலக்கை எட்டியவர்களும் மாட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு, துண்டு கொஞ்சம் கலந்தால் என்ன என்று கேட்கலாம். சென்னையில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் சி.எச்.ஓ.வில் பிறந்ததுதான். 1998-இல் எப்ரெக்ஸ் என்ற எரித்ரோபொயட்டின் மருந்தில் ஆல்புமினை எடுத்துவிட்டு பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். அதன்பின் சிலருக்கு அந்த மருந்துக்கு எதிராகவும், தங்கள் சொந்த எரித்ரோபொயட்டினுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உருவாகி, சிவப்பணு உற்பத்தியே நின்றது. காரணம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது, ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருள் என்றும் புரதம் திரண்டது என்றும். ஆய்வகப் புரதத்துக்கு அந்த அபாயம் இல்லைதான். ஆனால் வெட்டுப்பட்ட புரதத்தை வைத்து பைண்டிங் அளந்தால், வருகிற எண் எதற்கும் உதவாது.

க்ளோன்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில க்ளோன் பதினான்காம் நாளும் 90 சதவீதம் உயிரோடு நிற்கும், அது பெரிய வித்தியாசம்தான். உங்களிடம் ஃபிரீஸரில் ஏற்கெனவே இருக்கிற பழைய க்ளோன்களில் இரண்டு மூன்றை எடுத்து இப்போதுள்ள ஃபிளாஸ்கோடு சேர்த்து ஓட்டினால் கைடுக்கும் திருப்தி. அடுத்த கல்ச்சரை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள், ஒன்று 37-இலேயே, மற்றொன்று ஐந்தாம் நாளிலிருந்து 33-இல். பத்தாம் நாள் திரவத்தை பி.எச். வரிசையில் வைத்து ஜெல் ஓட்டி, நான்-ரிட்யூஸ்டு ஜெல்லோடு சேர்த்துப் படத்தைப் போடுங்கள். எந்த இன்ஹிபிட்டர் வாங்குவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.